கட்டுரைத் தாளில் மதிப்பெண் எங்கே போகிறது?

யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள். பொது அறிவுத் தாள்களுக்கு மாதக்கணக்கில் படிப்பவர்கள்கூட இதை “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிவைக்கிறார்கள். கடைசியில் மதிப்பெண் குறைந்தால், நமக்கு நடை சரியில்லை என்று வருந்துகிறார்கள். நடை அல்ல, பெரும்பாலும் தலைப்பைச் சரியாகப் படிக்காததுதான் காரணம்.

2022-இல் வந்த ஒரு தலைப்பைப் பாருங்கள்: துறைமுகத்தில் நிற்கும் கப்பல் பத்திரமாக இருக்கும், ஆனால் கப்பல் இருப்பது அதற்காக அல்ல. ஒருவர் கடல் வாணிபம், துறைமுக மேம்பாடு என்று எழுதப் போய்விடுவார். இன்னொருவர் ‘துணிச்சல்’ பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அப்படியே இறக்கிவைப்பார். முதலாமவர் தடம் மாறியது உடனே தெரிந்துவிடும். இரண்டாமவரும் அதே தவறைத்தான் செய்கிறார், அவருக்கே அது தெரிவதில்லை.

இந்தத் தலைப்பின் உயிர் ‘ஆனால்’ என்ற சொல்லில் இருக்கிறது. பாதுகாப்பு வேண்டாம் என்று அது சொல்லவில்லை; பாதுகாப்பே நோக்கமாகிவிடலாமா என்று கேட்கிறது. சரி, அப்படியென்றால் துறைமுகமே தேவையில்லையா? எப்போது நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும்? இப்படிக் கேட்கத் தொடங்கினால் உதாரணங்கள் தாமாக வரும். எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்டில் முதல் முயற்சியில் தோற்று, 1980 ஜூலையில் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இது கடலுக்குள் போன கப்பல். சந்திரயான்-2ஐ 2019 ஜூலை 15 அன்று ஏவ 56 நிமிடங்கள் இருக்கும்போது நிறுத்தினார்கள். கோளாறைச் சரிசெய்து 22-ஆம் தேதி அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம் கரையில் நின்றதும் பயணத்தின் பகுதிதானே? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கட்டுரைக்கு ஒரு வாதம் கிடைத்துவிடுகிறது.

அடுத்த தவறு, யாரும் மறுக்க முடியாத வாக்கியங்களால் பக்கத்தை நிரப்புவது. “பெண்கள் முன்னேறினால் நாடு முன்னேறும்” என்பதைப் படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. “73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது, தலைவியின் நாற்காலியில் கணவர் உட்காரும் ஊரில் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடுகிறது” என்று எழுதிப் பாருங்கள். சட்டம், நடைமுறை, இடைவெளி மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும்.

மேற்கோள்களிலும் கவனம் வேண்டும். “உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு” என்பதைக் காந்தி பெயரில் எழுதாதவர் குறைவு. அவர் இந்தச் சொற்களில் சொன்னதாகப் பதிவு இல்லை. உறுதியாகத் தெரியாத மேற்கோளை விட்டுவிடலாம், அதனால் கட்டுரை எதையும் இழக்காது.

நேரம்: முதல் கட்டுரையில் இரண்டு மணி நேரத்தைச் செலவழித்துவிட்டு இரண்டாவதை அவசரமாக ஒப்பேற்றாதீர்கள். இரண்டுக்கும் தலா 125 மதிப்பெண்தான்.

பயிற்சியில் செய்யும் தவறு, மாதிரிக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டே இருப்பது. வாரம் ஒன்றாவது கடிகாரத்தை வைத்து முழுதாக எழுதுங்கள். எழுதியதை ஒருவரிடம் கொடுத்து, “நான் என்ன சொல்ல வருகிறேன்?” என்று மட்டும் கேளுங்கள். அவரால் ஒரே வரியில் சொல்ல முடியவில்லை என்றால், தலைப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.