டாலியின் ஓவியத்தில் வால்டேர் தெரியவில்லையா?

ஸ்பானிய ஓவியர் சால்வடார் டாலி 1940இல் வரைந்த, பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரின் சிலை மறைந்து தோன்றும் அடிமைச் சந்தை ஓவியத்தை முதலில் ஒரு அடி தூரத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்பு வெள்ளை உடையில் இரண்டு பெண்கள் நிற்பார்கள். இப்போது ஏழெட்டு அடி தள்ளிப்போய்க் கண்ணைப் பாதி மூடுங்கள். அவர்கள் முகங்கள் வால்டேரின் கண்களாகிவிடும். பின்னாலிருக்கும் இடிந்த வளைவின் திறப்புதான் அவர் நெற்றி. எத்தனை நுட்பமான கணக்கு!

கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றினாலே போதும். நுண்கோடுகள் மங்கியதும் பெரிய வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். மூளை உடனே அதை முகமாகக் கோத்துவிடும். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் சிலை சிக்காது. தீப்பெட்டி அளவுக்குச் சுருக்குங்கள். பெண்கள் திரும்ப வேண்டுமா? ஒரு கழுத்துப்பட்டியை மட்டும் உற்றுப் பாருங்கள்.