போக்கரில் ஜெயித்த காசும் வருமான வரியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். தோட்டத்துக் கிராணி, தொழிற்சாலைக்குப் போகும் தங்கச்சி, லாரி ஓட்டும் அண்ணன் என்று பலரும் ஈ-ஃபைலிங் செய்ய, அதாவது வருமான வரிப் படிவத்தை இணையத்தில் நிரப்ப, வருவார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும்: “கெந்திங் காசினோல போக்கர் சீட்டு ஆடி கொஞ்சம் கிடைச்சுது, அதைக் காட்டணுமா?”

எப்போதாவது போய் ஆடி ஜெயித்ததென்றால் காட்ட வேண்டாம். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு தொழில், சம்பளம், வாடகை என்று வருமானங்களை வகைப்படுத்துகிறது. அதிர்ஷ்டத்தில் வந்த காசு அதில் சேராது. ஆனால் சிலர், வீட்டுக் கடன் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று அதையும் வருமானமாக எழுதிவிடுகிறார்கள். கட்ட வேண்டாத வரியையும் கட்டி, அடுத்த வருடம் அந்த வருமானம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டியிருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, “சூதாட்டக் காசுக்கு எப்போதும் வரி கிடையாது” என்று நம்பிவிடுவது. வேலையை விட்டுவிட்டு, மாதாமாதம் போட்டிக்குப் பயணம் போய், அடுத்தவர் போட்ட பணத்தில் ஆடி, ஜெயித்ததைப் பங்கு பிரித்தால் அது தொழில் போலத்தான் தெரியும். அப்போது தொழில் வருமானத்துக்குரிய பி படிவம், ஜூன் 30 கெடு. ஆட்டம் கற்றுக்கொடுத்து வாங்கும் கட்டணம், ஆள் சேர்த்துவிட்டு வாங்கும் கமிஷன் ஆகியவை சந்தேகமே இல்லாமல் வருமானம். ஜெயித்த காசில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் அந்த வாடகைக்கும் வரி உண்டு.

நான் அதிகம் பயப்படுவது தாளைத் தூக்கிப் போடுகிறவர்களை நினைத்துத்தான். வரி இல்லாத காசுக்கு எதற்கு ரசீது என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஜெயித்த ரொக்கத்தை மைலோ டப்பாவில் சேர்த்து வைத்து, மொத்தமாகக் கொடுத்து ஹைலக்ஸ் வண்டி வாங்கினார். பிறகு கடிதம் வந்தது. வருமான வரி வாரியம் நம் சொத்தையும் செலவையும் நாம் காட்டிய வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இடைவெளி இருந்தால் விளக்கம் கேட்கும். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. விளக்க முடியாத தொகையை மறைத்த வருமானமாக எடுத்துக்கொண்டால், வரியோடு அதற்குச் சமமான தண்டத்தொகை வரை விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் காசினோ கொடுத்த சீட்டு, காசோலை நகல், வங்கியில் போட்ட ரசீது, எந்தத் தேதியில் எவ்வளவு கொண்டுபோனோம் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஏழு வருடம் வைத்திருங்கள். தோற்ற நாளையும் எழுதுங்கள். ஜெயித்த நாட்களை மட்டும் எழுதிய நோட்டை யார் நம்புவார்கள்?

வெளிநாட்டில் ஆடுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அமெரிக்காவில், அந்நாட்டவர் அல்லாத நம் போன்றோருக்கு பிளாக்ஜாக், ரூலெட் வெற்றிக்கு வரி விலக்கு உண்டு, போக்கருக்கு இல்லை. லாஸ் வேகஸ் போட்டியில் பரிசு வாங்கினால் 30 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இதைக் குறைக்க மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இல்லை, தோற்றதைக் கழிக்கவும் முடியாது. இது தெரியாமல் முழுப் பரிசையும் நம்பி இங்கே கடன் வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், உரிமம் இல்லாமல் வீட்டில் மேசை போட்டு நடத்தும் ஆட்டம். 1953-ஆம் ஆண்டுச் சூதாட்ட விடுதிச் சட்டப்படி நடத்துவது மட்டுமல்ல, போய் ஆடுவதும் குற்றம். “ஆட்டக் காசை உன் அக்கவுண்டில் போட்டுக்கிறேன் தம்பி” என்று யாராவது கேட்டால், சொந்த மாமாவே ஆனாலும் கொடுக்காதீர்கள். வங்கியும் போலீசும் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான்.

சம்பளக்காரர்களின் பிஈ படிவத்துக்கு ஏப்ரல் 30 கெடு. வரும்போது முதலாளி கொடுக்கும் சம்பள விவரமான ஈஏ படிவத்தோடு அந்தச் சீட்டுகளையும் ஓர் உறையில் போட்டு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.