மலைப்பாதையில் வண்டி ஓட்டப் போகிறீர்களா? நீலகிரி, கொடைக்கானல் செல்லும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு

விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் முதலில் சொந்தபந்தங்களைப் பார்க்கிறார்கள். கோயில், கல்யாணம், துணிக்கடை என்று அலைகிறார்கள். கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று நாளை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஒதுக்குகிறார்கள். அதாவது, உடம்பு மிகவும் களைத்திருக்கும் நாட்களில், மொத்தப் பயணத்திலேயே கடினமான சாலையில் ஏறுகிறார்கள். போதாக்குறைக்கு, இறங்கியதும் விமானம் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. இந்தக் குறிப்பை எழுத அதுதான் காரணம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் வழியில் பர்லியார் டீக்கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், மலைச்சாலையில் பைக்கா காரா என்ற வழக்கு முழுவதும் காதில் விழும். அங்கே ஒரு வாடகைக்கார் ஓட்டுநரும் பைக்கில் வந்த சில இளைஞர்களும் பேசிக்கொண்டதைக் கேட்டேன். "நாங்க வளைவுல ஓரமா ஒதுங்கிடுவோம்ணா, கார்க்காரங்கதான் முழு ரோட்டையும் எடுத்துக்கிறாங்க" என்றார் ஒருவர். "நீங்க ஒதுங்கிருவீங்க தம்பி, சரிங்க. எதுக்கால பஸ் வந்தா அது எங்கீங்க ஒதுங்கும்?" என்று கேட்டார் ஓட்டுநர். அப்புறம் பேச்சு போலீஸ் பக்கம் திரும்பியது. ஹெல்மெட் இல்லை என்றால் உடனே பிடிக்கிறார்கள், வளைவில் முந்துகிற ஆளை யாரும் பிடிப்பதில்லை என்பதில் இரண்டு தரப்பும் ஒன்றாகிவிட்டன.

இதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. சோதனைச்சாவடி நிற்கும் இடத்தில்தான் சட்டமும் நிற்கிறது, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு காவலரை நிறுத்த முடியாது. பலகைகளில் 20, 30 கிலோமீட்டர் என்று எழுதியிருப்பதைப் பைக்காரர்கள் குறை சொல்கிறார்கள். நேர்ச்சாலைக்கு அது குறைவுதான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் திரும்ப ஒரு பேருந்துக்கு சாலையின் முழு அகலமும் வேண்டும். ஓட்டுநர் எதிர்ப்பக்கம் வரை வந்து திருப்பினால்தான் பின்சக்கரம் ஓரச்சுவரைத் தொடாமல் வரும். அந்த நேரத்தில் நீங்கள் வளைவுக்குள் இருந்தால் இடது ஓரம் என்று ஒன்று உங்களுக்குக் கிடையாது. அதனால் வளைவுக்கு முன்பே ஹாரன் அடியுங்கள், பெரிய வண்டி வருவது தெரிந்தால் வளைவுக்கு வெளியிலேயே நில்லுங்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மலை வழக்கம் மட்டுமல்ல, சாலை விதியும் அதுதான்.

உண்மையான ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் மேட்டுப்பாளையம் சமவெளிக்கு வந்துவிடுகிறீர்கள். அந்தத் தூரம் முழுக்க பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தால் பிரேக் சூடேறும், எண்ணெய் கொதிக்கும், ஒரு கட்டத்தில் மிதித்தால் கால் உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று மலைக்காரர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். பெரும்பாலும் இரண்டாவது கியர், செங்குத்தான இடங்களில் முதல் கியர். வெளிநாட்டில் ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர்கள் இங்கேயும் டி-யில் போட்டுவிட்டு பிரேக்கை நம்பி இறங்குகிறார்கள். எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றி, எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்கும்படி இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது கூடவே கூடாது.

கருகிய வாடை வந்தால், அது முன்னால் போகும் லாரியுடையது என்று விட்டுவிடாதீர்கள். அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க்கில் விரிசல் விழலாம். வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் படியுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு மிகக் குறைவு. பின்னால் ஓர் ஆளை வைத்துக்கொண்டு நீண்ட இறக்கத்தில் வந்தால் பாரம் முழுவதும் பிரேக்கில்தான் விழும். ஊட்டி நகருக்குள் சுற்ற ஸ்கூட்டர் போதும். மலையிறங்க அது வேண்டாம்.

கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே என்று வலப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். சாதாரண சாலையில் இடப்பக்கம் சரியாகவே ஓட்டுவீர்கள். வளைவில் திடீரென்று ஒரு லாரி முன்னால் வந்ததும் கை தானாக வலப்பக்கம் ஒடிக்கும். உடம்பில் ஊறிய பழக்கத்தை நான்கு நாளில் மாற்ற முடியாது. அப்புறம், லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் அது "முந்திப் போங்க" என்பதாகவும் இருக்கும், "நான் திரும்புறேன்" என்பதாகவும் இருக்கும். இரண்டில் எது என்று இங்கேயே ஓட்டிப் பழகியவருக்குத்தான் புரியும். சாலை தெரியாமல் முந்த வேண்டாம்.

ஆகவே என் கருத்து இதுதான்: மலைக்கு மட்டுமாவது ஓட்டுநருடன் வண்டி எடுங்கள், முடிந்தால் டி.என்.43 பதிவெண் கொண்ட நீலகிரி வண்டியாக. ஆனால் ஓட்டுநர் வைத்தால் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். முந்தின நாள் அவர் எங்கே தூங்கினார் என்று கேளுங்கள். விடுதியில் நாம் கம்பளிக்குள் தூங்கும்போது, டிசம்பர் குளிரில் பல ஓட்டுநர்கள் வண்டிக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு சீட்டைச் சாய்த்துப் படுத்திருக்கிறார்கள். ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் அந்த மாதங்களில் விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்திருக்கும். விறைத்துப்போன உடம்போடு, சரியாகத் தூங்காமல் மறுநாள் அவர்தான் உங்கள் குழந்தைகளை மலையிறக்க வேண்டும். அறை பதிவு செய்யும்போதே ஓட்டுநருக்குப் படுக்கை உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

"அண்ணா, கொஞ்சம் வேகமா போங்க" என்று பின்சீட்டிலிருந்து சொல்வதையும் நிறுத்த வேண்டும். சம்பளம் கொடுப்பவர் சொன்னால் அவரால் மறுக்க முடியாது. ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையத்துக்குச் சாதாரண நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏப்ரல், மே சீசனில் ஐந்து ஆறு மணி நேரமும் ஆகலாம். விமானம் ஏறும் நாளில் மலையிலிருந்து புறப்படாதீர்கள். முதல் நாளே கோவைக்கு வந்து தங்குங்கள். கொடைக்கானலிலிருந்து மதுரை போகிறவர்களுக்கும் இதேதான். 2023 செப்டம்பர் 30-ம் தேதி குன்னூர் அருகே மரப்பாலத்தில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள். தென்காசி மாவட்டம் கடையத்திலிருந்து வந்தவர்கள். ஓட்டுநரை அவசரப்படுத்தத் தோன்றும்போது அந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நானேதான் ஓட்டுவேன் என்றால், காகிதங்கள் சரியாக இருக்கட்டும். உங்கள் நாட்டு உரிமத்தோடு, 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். அதைப் புறப்படும் முன் உங்கள் நாட்டிலேயே வாங்கிவிட வேண்டும். கார் உரிமத்தில் பைக் ஓட்ட முடியாது, அனுமதிச் சீட்டில் இருசக்கர வாகனப் பிரிவிலும் முத்திரை இருக்க வேண்டும். நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு எண்பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியைக் "குறைஞ்ச வாடகை" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

வீட்டில் பதின்பருவப் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்டாரியோவில் 16 வயதிலேயே பழகுநர் உரிமம் கிடைக்கும், பிரிட்டனில் 17 வயதில் கார் ஓட்டலாம். அந்தத் தைரியத்தில் மாமாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். இங்கே 18 ஆகாதவர் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், வழக்குக்கு அலையப்போவது மாமா.

2022 அக்டோபரில் தமிழகத்தில் அபராதங்களை உயர்த்தினார்கள். ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், பின்னால் உட்கார்ந்தவருக்கும் அதேதான். சீட் பெல்ட்டுக்கு 1,000, காரில் அதிவேகத்துக்கு 1,000, உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை அனுமதி, இங்கே 30 மட்டுமே. "ஒரு பீர்தானே" என்ற கணக்கு இங்கே செல்லாது.

தடுத்து நிறுத்தினால் இறங்கி, "வணக்கம் சார்" என்று காகிதங்களைக் காட்டுங்கள். அபராதம் என்றால் இ-சலான் கேளுங்கள், ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். சலான் வண்டி உரிமையாளர் பெயரில்தான் போகும். உறவினர் வண்டி என்றால் ஊரைவிட்டுப் போகும் முன் நிலுவை இருக்கிறதா என்று பார்த்துக் கட்டிவிடுங்கள்.

இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதியான இ-பாஸ் பற்றி: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். 2025 சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரியை வைத்துப் பதிவு செய்யலாம். வண்டி எண் முடிவானதும் எடுத்துவிடுங்கள். கல்லாறு சாவடியில் போய் நின்றுகொண்டு சிக்னல் தேடினால் பின்னால் வரிசை கட்டி நிற்பார்கள்.

வழியைப் பொறுத்தவரை வரைபடச் செயலியை முழுதாக நம்ப வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு அது கல்லட்டிப் பாதையைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மிகச் செங்குத்தான இறக்கம் அது. வெளியூர்ப் பதிவெண் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனாலும் நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு வழியாகப் போங்கள். சீசனில் குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்கும்படி ஒருவழிப்பாதை அறிவிப்பார்கள், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். பர்லியார், குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை இறங்கும். எதிரே யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், படம் எடுக்காமல் தூரத்திலேயே காத்திருங்கள். கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே வரும்.

மாலை நாலரை, ஐந்து மணிக்கு மேல் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் வண்டியை இன்னும் மெதுவாக விடுங்கள். எஸ்டேட் வேலை முடிந்த பெண்கள் அப்போதுதான் சாலையோரமாக வரிசையாக வீடு திரும்புவார்கள், பள்ளிப் பிள்ளைகளும் கூடவே வருவார்கள். நடைபாதை கிடையாது, ஒரு பக்கம் மண்சரிவு, மறுபக்கம் பள்ளம். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இவர்களில் பலர், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. பைக்கா காரா என்ற வழக்கில் இவர்கள் பெயர் வருவதே இல்லை. ஆனால் வளைவில் முந்தும் வண்டிக்கு முதலில் இரையாவது இவர்கள்தான்.

விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் 108 ஆம்புலன்ஸுக்கு அழையுங்கள். தமிழக எல்லைக்குள் எங்கே அடிபட்டாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்ற இந்தத் திட்டம் 2021 டிசம்பரில், ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் பொருந்தும். அடிபட்டவரைத் தூக்கிப் போனால் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்பட வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. 48 மணி நேரத்துக்குப் பிறகான செலவுக்கு உங்கள் பயணக் காப்பீடுதான் துணை. இருசக்கர வாகன விபத்தை விலக்கி வைக்கும் பாலிசிகள் நிறைய இருக்கின்றன, புறப்படும் முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.