மோட்டார் பெட்டிக்கு ஏஜெண்ட் எழுதும்போது

களக்காட்டில் மாமாவின் வாழைத்தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கம்ப்யூட்டரில் நான் முதலில் எழுதியது ஒரே நிரல். நேரம் பார்ப்பது, ஆம்பியர் அளப்பது, போனுக்குச் செய்தி அனுப்புவது, எல்லாம் ஒரே லூப்பில். ஒருநாள் சிக்னல் இல்லாமல் செய்தி அனுப்பும் வரியிலேயே நிரல் நின்றுவிட்டது. கிணற்றில் தண்ணீர் வற்றி ஆம்பியர் இறங்கியதைப் பார்க்க ஆளில்லை. மோட்டார் காயில் கருகிப் போச்சு. "ஒன் கம்ப்யூட்டருக்குப் பழைய ஸ்டார்ட்டரே தேவலடே" என்றார் மாமா.

அதனால் முதலில் பிரியுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி மாட்யூல், அதாவது தன்பாட்டில் ஓடும் தனி நிரல் (பிராசஸ்). இவற்றை மேய்க்கும் நிரல்தான் ஏஜெண்ட். அது மேஸ்திரி மாதிரி, கல் சுமக்கக் கூடாது. மாட்யூல்களைத் தொடங்கும், நிறுத்தும், 5 விநாடிக்கொருமுறை 'இருக்கேன்' என்று குரல் வருகிறதா பார்க்கும். வராவிட்டால் திரும்பத் தொடங்கும். ஏஜெண்டே விழுந்தால் எழுப்பும்படி, லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியை அமைத்துவிடுங்கள்.

மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சான ரிலேயைத் தொடும் உரிமை ஒரே ஒரு மாட்யூலுக்குத்தான். மற்றவை அதனிடம் கேட்க வேண்டும்: யார், என்ன, எத்தனை விநாடிக்கு. 'டைமர், ஓடணும், 60.' மேலும் ஓட வேண்டுமென்றால் மறுபடி கேட்கட்டும். கேட்டது செத்துப்போனால் கோரிக்கையும் காலாவதி. தண்ணீரையும் மூன்று பேஸையும் பார்க்கும் காவல் மாட்யூல் 10 விநாடிக்கொருமுறை 'சரி' சொன்னால்தான் ஓட்டம். அது பேசாமலிருந்தால் 'வேண்டாம்' என்று பொருள். யார் சொல் செல்லும் என்பதில் காவலுக்கு முதலிடம், அடுத்த இடம் கைப்பொத்தானுக்கு, டைமருக்குக் கடைசி. பொத்தானை அமுக்கியும் ஓடாதா என்று மாமா சண்டைக்கு வந்தார். ஓடாது மாமா.

மாட்யூல்கள் செய்தி பரிமாற எம்க்யூடிடி (MQTT) முறையை வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டளைக்கு 'ரீட்டெயின்' (பிடித்து வை) என்ற குறி போடாதீர்கள். போட்டால், செய்திகளை வாங்கிக் கொடுக்கும் புரோக்கர் நிரல் கடைசிச் செய்தியைப் பிடித்து வைத்துக்கொண்டு, புதிதாக வந்து சேர்பவருக்கெல்லாம் கொடுக்கும். கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரி, முந்தின நாள் 'ஆன்' கட்டளை ரிலே மாட்யூல் கைக்கு வந்து 2 மணிக்கு மோட்டார் ஓடியது. மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்கிற தகவலுக்கு மட்டும் ரீட்டெயின் போதும்.

அப்புறம் சோதனை. மேசையில் மோட்டாருக்குப் பதில் பல்பை மாட்டி, எரியும்போதே மாட்யூல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். காவலை நிறுத்தினேன், பல்பு அணைந்தது. ரிலே மாட்யூலை நிறுத்தினேன், எரிந்துகொண்டே இருந்தது! ரிலேயை இயக்கும் ராஸ்பெர்ரி பையின் 'பின்' (pin) கடைசி நிலையிலேயே நின்றுவிட்டது. ராஸ்பெர்ரி பையிலிருந்து வரும் துடிப்பு நின்றால், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை விட்டுவிடும் சின்ன சர்க்யூட் ஒன்றை வெளியே சேர்த்த பிறகுதான் பெட்டியைக் களக்காட்டு பஸ்ஸில் ஏற்றினேன்.