யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்குகள்: முதன்முறை செல்பவர்களுக்கான பயண வழிகாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தெற்கே, கொலராடோ பீடபூமியில், சயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், கேன்யன்லேண்ட்ஸ், ஆர்ச்சஸ் என்னும் ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. முதன்முறை செல்பவர்களில் பலர் நாளுக்கு ஒரு பூங்கா என்று கணக்கிட்டு, காட்சிமுனைகளில் காரை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு, அடுத்த ஊருக்கு விரைகிறார்கள். அந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். செம்பாறை நிலத்தைக் காண இரண்டு விஷயங்கள் வேண்டும்: வெளிச்சம் சரியாக விழும் வேளையில் அங்கே இருக்க வேண்டும், விளிம்பில் நின்றுவிடாமல் கொஞ்ச தூரமாவது உள்ளே நடக்க வேண்டும். கீழே உள்ள படிகள் இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடியும் வரையிலான நாட்களும் ஏற்றவை. கோடையில் சயானின் அடிவாரத்திலும் மோஆப் நகரிலும் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடிமழை பெய்யும். குறுகிய பள்ளத்தாக்குகளில் நடக்க விரும்புபவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

படி 2: வழித்தடத்தை வரையுங்கள்

லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, கிழக்கு நோக்கிச் சென்று தெற்கு வழியாகத் திரும்பும் வட்டப்பாதை வசதியானது. சயான் ஏறத்தாழ 160 மைல்; அங்கிருந்து பிரைஸ் கேன்யன் 85 மைல்; அடுத்து கேபிடல் ரீஃப் அருகிலுள்ள டோரி என்னும் சிற்றூர் 120 மைல்; ஆர்ச்சஸுக்கும் கேன்யன்லேண்ட்ஸுக்கும் அருகிலுள்ள மோஆப் இன்னும் 150 மைல்; மோஆபிலிருந்து நவஹோ பழங்குடியினரின் நிலத்திலுள்ள மான்யுமென்ட் வேலி மீண்டும் 150 மைல். அரிசோனா மாநிலத்தின் பேஜ் நகரம் வழியாக லாஸ் வேகாஸ் திரும்ப 400 மைல் ஆகும். இதற்குப் பத்து நாட்கள் ஒதுக்குங்கள். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் சயானையும் பிரைஸ் கேன்யனையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள். ஐந்தையும் அரைகுறையாகப் பார்ப்பதைவிட இரண்டை நிறைவாகப் பார்ப்பதே மேல்.

படி 3: கட்டணங்களையும் அனுமதிகளையும் முடித்துக்கொள்ளுங்கள்

தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதி அட்டை, 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 250 டாலர் என்று இரு விலைகளில் விற்கப்படுகிறது. ஆண்டு அட்டை இல்லாத வெளிநாட்டுப் பயணிகள் சயானிலும் பிரைஸ் கேன்யனிலும் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் செலுத்த வேண்டும். ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் இந்த விதியைத் தேசியப் பூங்காச் சேவையின் இணையதளத்தில் முழுமையாகப் படித்துவிட்டுக் கிளம்புவது அவசியம்.

சயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்னும் உச்சிக்கு ஏற, 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில் அனுமதி வழங்கப்படுகிறது. ஆர்ச்சஸ் பூங்காவில் 2022 முதல் சில ஆண்டுகள் நேரம் குறித்த முன்பதிவு முறை இருந்தது. இத்தகைய விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், தேதி முடிவானவுடன் அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

படி 4: தண்ணீர், உணவு, எரிபொருள்

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும். காற்று மிக வறண்டிருப்பதால் வியர்வை உடனே ஆவியாகிவிடும். தாகம் தெரிவதற்கு முன்பே உடல் வறண்டிருக்கும். தண்ணீரோடு உப்புள்ள தின்பண்டமும் கொண்டுசெல்லுங்கள். சிற்றூர்களின் உணவகங்கள் சீக்கிரமே மூடிவிடும், சைவ உணவுக்கு அங்கே தெரிவுகளும் குறைவு; ஆகவே லாஸ் வேகாஸிலேயே மளிகைப் பொருட்களும் ஒரு குளிர்பெட்டியும் வாங்கிக்கொள்ளலாம். பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. வரைபடத்தை முன்பே பதிவிறக்கம் செய்துகொள்வதும், தொட்டி பாதியானவுடன் பெட்ரோல் நிரப்புவதும் நல்ல வழக்கங்கள்.

படி 5: சயான் (இரண்டு நாட்கள்)

1919-இல் தேசியப் பூங்காவான சயானில், பிரைஸ் கேன்யனைப் போல மேலிருந்து பார்க்காமல், பள்ளத்தாக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். இருபுறமும் எழும் சுவர்கள் நவஹோ மணற்கல்லால் ஆனவை. ஜுராசிக் காலத்துப் பாலைவனத்தின் மணல்மேடுகளே இறுகி இப்பாறையாயின. அதற்குச் செந்நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. சுவருக்கு அருகில் சென்று பார்த்தால், அன்று காற்று மணலைக் கொட்டிச் சாய்த்த வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு கோணங்களில் படிந்திருப்பது தெரியும்.

இளவேனில் முதல் இலையுதிர் காலம் வரை பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை. இலவசப் பேருந்தில் செல்ல வேண்டும். வாகன நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும் என்பதால், ஸ்பிரிங்டேல் ஊரில் தங்கி, அங்கிருந்தே பேருந்து பிடிப்பது எளிது. கடைசி நிறுத்தத்தில் தொடங்கும் ஆற்றோரப் பாதை, போய்வர 2 மைலுக்குச் சற்று அதிகம். பெரும்பாலும் சமதளம், முதியவர்களும் நடக்கலாம். அப்பாதை முடியும் இடத்தில் நாரோஸ் என்னும் குறுகிய பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அங்கிருந்து வர்ஜின் ஆறுதான் பாதை. உருண்டைக் கற்கள் வழுக்கும், ஓட்டம் காலை இழுக்கும். கணுக்காலை இறுகப் பிடிக்கும் காலணியும் நெஞ்சளவு உயரமுள்ள உறுதியான கோலும் ஸ்பிரிங்டேலில் வாடகைக்குக் கிடைக்கும். கோலை நீர் வரும் பக்கமாக ஊன்றி, அது நிலைத்த பிறகே அடுத்த அடியை எடுத்துவையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பதை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது. வெற்றுப் பாறை மழைநீரை உறிஞ்சாது. பல மைல்களுக்கு அப்பால் பெய்த மழை முழுவதும் இந்தக் குறுகிய வழிக்குள் பாய்ந்து வரும். 1997 ஆகஸ்டில் பேஜ் நகருக்கு அருகே ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தது அப்படிப்பட்ட வெள்ளத்தில்தான். காலையில் வெள்ள அபாய முன்னறிவிப்பைப் பாருங்கள். நடக்கும்போது நீர் கலங்கினாலோ, மரக்குச்சிகள் மிதந்து வந்தாலோ, உடனே உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள்.

படி 6: பிரைஸ் கேன்யன் (ஓர் இரவும் ஒரு முழுக் காலையும்)

இந்தப் பூங்காவின் விளிம்பு 2,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. சயானில் வியர்த்துவிட்டு வருபவர்கள், மே மாதத்திலும் இங்கே இரவில் உறைகுளிர் இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொண்டு கம்பளி ஆடை வைத்திருக்க வேண்டும்.

கிண்ணம் போன்ற பள்ளத்தில் ஆயிரக்கணக்கான கல்தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஆண்டில் 170 நாட்களுக்கு மேல் இங்கே இரவில் நீர் உறைந்து பகலில் உருகுகிறது. விரிசலுக்குள் புகுந்த நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைந்து பாறையை நெம்புகிறது. மேட்டு நிலம் முதலில் மெல்லிய மதில்களாகப் பிரிகிறது. மதிலில் துளை விழுந்து சாளரமாகிறது. சாளரத்தின் மேல்பகுதி இடிந்ததும் இருபுறமும் தூண்கள் மிஞ்சுகின்றன. இந்த நிலைகள் அனைத்தையும் அடுத்துச் சொல்லும் ஒரே நடையில் அடுத்தடுத்துக் காணலாம் என்பதாலேயே, இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நடைதான் முடியும் என்பவர்களுக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

பள்ளம் கிழக்கு நோக்கி இருப்பதால் காலை வெளிச்சமே சிறந்தது. மாலையில் கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் மறையும், தூண்கள் நிழலில் கிடக்கும். விடியலை விளிம்பிலிருந்து பார்த்துவிட்டு, சன்ரைஸ் பாயின்ட்டிலிருந்து குயின்ஸ் கார்டன் பாதையில் இறங்கி, நவஹோ லூப் வழியாக சன்செட் பாயின்ட்டுக்கு ஏறுங்கள். மொத்தம் சுமார் 3 மைல். இறக்கம் முதலிலும் ஏற்றம் கடைசியிலும் வருவதால் தண்ணீரில் பாதியை ஏற்றத்துக்கு மிச்சம் வையுங்கள்.

படி 7: 12-ஆம் எண் நெடுஞ்சாலையும் கேபிடல் ரீஃபும்

எஸ்கலான்டே என்னும் ஊர் வழியாகச் செல்லும் இந்தச் சாலை, ஓரிடத்தில் இருபுறமும் சரிவுள்ள குறுகிய முகட்டின் மேல் ஓடுகிறது. பிறகு 2,900 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. பகலில் மட்டுமே ஓட்டுங்கள். கேபிடல் ரீஃபில் கூட்டம் குறைவு. பழங்குடியினர் பாறையில் கீறிய உருவங்களை 24-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்திலேயே காணலாம். பூங்காவுக்குள் உள்ள ஃப்ரூட்டாவில், மார்மன் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் அமைத்த பழத்தோட்டங்களைப் பூங்கா நிர்வாகம் இன்றும் பேணுகிறது.

படி 8: மோஆப் (மூன்று நாட்கள்)

ஆர்ச்சஸில் 2,000-க்கும் அதிகமான கல் வளைவுகள் பதிவாகியுள்ளன. டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர 3 மைல். வழியில் நிழலே இல்லாத வெறும் பாறைச்சரிவு. பிற்பகல் பிந்திக் கிளம்பினால் வெயிலும் தணிந்திருக்கும், வளைவும் பொன்னிறமாகும்; திரும்பி வர நெற்றிவிளக்கு வேண்டும். 93 மீட்டர் அகலமுள்ள லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து 1991-இல் ஒரு பெரும் பாளம் விழுந்தது. இன்று அதன் அடியில் செல்ல அனுமதி இல்லை. கேன்யன்லேண்ட்ஸில் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி போதும். மேசா ஆர்ச்சைச் சூரிய உதயத்தில் பாருங்கள்.

பாதையை விட்டு விலகாதீர்கள். அங்கே மணலின் மேல் கருமையாக, சிறு சிறு மேடுகளாக ஒரு படலம் தெரியும். நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் பாசிச்செடியும் சேர்ந்து மணலைப் பிணைத்து வைத்திருக்கும் உயிர்ப்படலம் அது. ஒரு காலடி பட்டால் நொறுங்கும். மீண்டும் வளரப் பத்தாண்டுகளுக்கும் மேலாகும். குழந்தைகளுக்கு அதை அருகில் காட்டி, காரணத்தைச் சொல்லிப் புரியவையுங்கள்.

படி 9: திரும்பும் வழி

1908-இல் அறிவிக்கப்பட்ட நேச்சுரல் பிரிட்ஜஸ் தேசிய நினைவுச்சின்னத்தை வழியில் பார்க்கலாம். மூன்று இயற்கைப் பாலங்களையும் ஓடும் நீர் குடைந்து உருவாக்கியது. 2007-இல் உலகின் முதல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்ட இடமும் இதுவே.

மான்யுமென்ட் வேலி நவஹோ மக்களின் பழங்குடிப் பூங்கா. தேசியப் பூங்கா அட்டை அங்கே செல்லாது, தனிக் கட்டணம் உண்டு. அது அவர்கள் வாழும் நிலம். கேட்காமல் மனிதர்களைப் படமெடுக்க வேண்டாம். மது அங்கே தடைசெய்யப்பட்டது. கோடையில் நவஹோ நிலம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும்; அரிசோனாவின் பேஜ் நகரம் நகர்த்தாது. ஆன்டிலோப் கேன்யனுக்கு வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும் என்பதால், முன்பதிவுச் சீட்டிலுள்ள மணி எந்த நேரக் கணக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கைப்பேசியின் தானியங்கி நேரத்தை நம்பாமல் கைக்கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.