அலுமினிய வி8 கொதிக்காமல் இருக்க

ரோவர் 3500 என்ற பழைய பிரிட்டிஷ் கார் சூடானால் பலரும் முதலில் பெரிய ரேடியேட்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் நிறத்தை.

இந்தக் காரின் 3.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இஞ்சின், அமெரிக்க கார் நிறுவனமான பியூயிக் 1961 மாடல் கார்களில் கொண்டுவந்த இஞ்சினின் வழிவந்தது. இஞ்சினின் உடலான பிளாக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டும் அலுமினியம், சிலிண்டரின் உட்குழாயான லைனர் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். இத்தனை உலோகமும் ஒரே நீரில் ஊறினால் முதலில் அரிபடுவது அலுமினியம். அதைக் காப்பது கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான். சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். ஆனால் உறையாமல் காக்கும் கிளைகால் தீராது. குளிர்காலத்தில் உறையவில்லை என்பதால் கூலன்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே அரித்த அலுமினியமோ சேறாகி ரேடியேட்டர் குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கும்.

அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூலன்ட்டை மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் போதாது. பிளாக்கின் இரண்டு பக்கமும் வடிகால் பிளக் இருக்கிறது, அவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றியும் ஒன்றும் வராவிட்டால் காலியாகிவிட்டது என்று அர்த்தமில்லை; சேறு அடைத்திருக்கிறது, கம்பியால் குத்தி விடுங்கள். அப்புறம் ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றி, கீழ்வாய் வழியாகத் தண்ணீரைப் பாய்ச்சி, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். பழைய கார்களுக்கென்று விற்கும் சிலிகேட் கலந்த கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி. குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஹீட்டரைத் திறந்து வைத்து, காரின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்றினால் காற்று தங்காது.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிது வாங்குங்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஆனால் குறிப்பிட்டதைவிட அதிக அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸ் தாங்காது.

சூடேறிய பிறகே கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடித் தேயும், நோயும் அப்படியே இருக்கும். சந்தேகமிருந்தால் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கிறதா பாருங்கள். டைமிங்கையும் பார்த்துவிடுங்கள். தீப்பொறி தாமதமானால் ரேடியேட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இஞ்சின் சூடாகும்.

வெப்பநிலை மீட்டர் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் பிய்ந்து நீர் போய்விட்டால் முள் கீழே இறங்கக்கூடும், இஞ்சின் எரிந்துகொண்டிருக்கும். ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். வார்ப்பிரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரே ஒரு தடவை கொதித்தாலும் ஹெட் வளையலாம். நெரிசலில் முள் மெல்ல ஏறினால் மட்டும் ஹீட்டரை முழுச் சூட்டில், விசிறியோடு போடுங்கள்.

சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரும் ஊற்றக் கூடாது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டிருந்தால், புதியதை மாட்டுமுன் ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் பார்த்து வாங்குங்கள்.