பழைய கார் வாங்கும்போது சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்

தெரிந்தவர் மூலமாக, நேரடியாக ஓனரிடமே பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால், வண்டி வெள்ளத்தில் நின்றிருக்க வாய்ப்பு உண்டு. 2015, 2023 டிசம்பர் மழைகளில் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சமா! சீட் கவரை மாற்றிவிடுவார்கள். பெல்ட் வரை யாரும் யோசிப்பதில்லை. கால்மிதிக்குக் கீழே கார்பெட்டையும் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

அப்புறம் ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், அந்தக் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுவதற்கான படிவம் 29, 30-ல் ஓனரிடம் கையெழுத்து வாங்கி, இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.